வாழும் ஊரின் மலர்கள்: கிரிஷ்ம்

சென்ற இதழில், தில்லிச் சாலைகளில் செக்கச் செவேலெனப் பூத்து நிற்கும் செமல் மரத்தைப் பற்றி எழுதி, அது நம் ஊர் முள்ளிலவே அன்றி வேறன்று என்று காட்டியிருந்தோம். அதைப் படித்த அன்பர் பலர் மகிழ்ந்து கடிதம் விடுத்தனர். ஒருவர் மட்டும் சற்றே குறைபட்டுக்கொண்டார். "வடக்கே எதைக் கண்டாலும் இது நம் ஊரில் இருப்பதுதான் என்று சொல்லி ஆறுதல் அடைகிறீர்கள். நம் ஊரில் இல்லவே இல்லாத மலர் ஒன்றைப் பற்றி எழுதினால் என்ன?" என்பது அவர் கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆதலின் இம்மாதம், தமிழ்நாட்டு மண்ணில் காணாத, தமிழில் பெயரும் இல்லாத ஒரு நீலமலரைப் பற்றி எழுதத் துணிந்தோம்.

காஷ்மீரத்தில் வயல் வரப்புகளிலும், மேய்ச்சல் நிலங்களிலும், சாலையோர மேடுகளிலும் தானே வளரும் மலர் இது. அவ்வூர் மக்கள் இதனைக் 'கிரிஷ்ம்' என்பர். உருதுவிலும் பாரசீகத்திலும் இவ்வினத்து மலர்களுக்குச் 'சோசன்' என்பது பொதுப்பெயர். தாவர நூலார் இடும் பெயர் ஐரிஸ் லாக்டியா என்பதாகும்.

முன்பின் அறியாத ஒருவரைச் சந்திக்கும்போது, "நீங்கள் யாருக்கு உறவு?" என்று கேட்பது நம்மவர் வழக்கம். உறவுமுறை தெரிந்துவிட்டால் பாதி அறிமுகம் முடிந்துவிடும். இம்மலருக்கும் அவ்வாறே உறவு சொல்லி அறிமுகம் செய்வோம். நம் இல்லங்களில் சிறு டப்பாவில் பொத்திப் பொத்தி வைத்திருக்கும் குங்குமப்பூ இருக்கிறதே, அதுவும் கிரிஷ்மும் ஒரே குடும்பம். விழாக்களில் மேடையை அலங்கரிக்கும் நெடிய கிளாடியோலஸ் மலரும் இவற்றுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஐரிஸ் குடும்பம் என்று வழங்கும் இக்கூட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உலகெங்கும் பரவியிருக்கின்றன.

உறவினரிடையேயும் குணம் வேறுபடுவதுண்டு அல்லவா? குங்குமப்பூச் செடி தானாகக் காட்டில் வளர்வதில்லை. அது விதை தருவதும் இல்லை. மனிதர் கிழங்கைப் பிரித்து நட்டு வந்தாலன்றி அதன் குலம் தழைக்காது. பாம்பூர் வயல்களில் அக்டோபர், நவம்பர் மாதங்களில் மலரும் அப்பூவின் சிவந்த சூலக முடியே நாம் பாலில் இடும் இழை. ஒரு பூவில் மூன்று இழைகளே இருக்கும். ஒரு கிராம் சேர்ப்பதற்கு ஏறத்தாழ 150 பூக்கள் வேண்டும். காஷ்மீரக் குங்குமப்பூவுக்கு 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் கிடைத்தது. கிரிஷ்முக்கோ இத்தகைய பெருமை ஏதும் இல்லை. அதனை யாரும் விலை கூறி விற்பதில்லை. ஆயினும் யாருடைய தயவும் இன்றித் தன் காலில் தான் நிற்கும் செடி அது.

இச்செடி பல்லாண்டு வாழ்வது. குளிர்காலத்தில் இலைகள் காய்ந்து போயினும், மண்ணுக்கடியில் கிழங்கு உயிரோடு இருந்து, பனி உருகியதும் மீண்டும் தளிர்க்கும். இலைகள் புல்லைப் போலக் குறுகி, சாம்பல் படர்ந்த பச்சை நிறத்தில் தூறு தூறாக எழும். கையால் இழுத்தால் எளிதில் அறாத உறுதி அவற்றுக்கு உண்டு. அதனால் கயிறு திரிக்கவும் கூடை பின்னவும் அவை பயன்பட்டு வந்திருக்கின்றன. பசுமையாக இருக்கும்போது கால்நடைகள் இவ்விலையை விரும்பித் தின்பதில்லை. ஆகவேதான் ஆடுமாடுகள் மேய்ந்து மொட்டையாக்கிய நிலத்திலும் கிரிஷ்ம் மட்டும் தலைநிமிர்ந்து நிற்கிறது. காய்ந்து உலர்ந்த பின்னரோ அதுவே தீவனமாகிறது. உவர் மண்ணையும், மிதிபட்டு இறுகிய மண்ணையும், நீரற்ற நிலத்தையும் அது பொருட்படுத்துவதில்லை. காஷ்மீரம், லடாக் தொடங்கி மத்திய ஆசியா, மங்கோலியா, கொரியா வரையில் அது பரவியிருப்பதற்கு இந்தப் பொறுமையே காரணம் எனலாம்.

பீட்டர் சைமன் பல்லாஸ் என்னும் அறிஞர், ரஷ்ய நாட்டில் தாம் செய்த பயணங்களைப் பற்றிய நூலில் 1776-ஆம் ஆண்டு இதற்கு ஐரிஸ் லாக்டியா என்று பெயரிட்டார். லாக்டியா என்றால் பால் நிறத்தது என்று பொருள். நீலப்பூவுக்குப் பால் பெயரா என்று வியக்க வேண்டா. இவ்வினத்தில் வெள்ளையாகப் பூப்பனவும் உண்டு. ஐரிஸ் என்பதோ கிரேக்க மக்கள் வானவில்லின் தெய்வத்துக்கு வைத்த பெயர். கண்ணின் கருமணியைச் சூழ்ந்த வண்ண வளையத்துக்கும் மேனாட்டு மருத்துவர் இப்பெயரையே வைத்துள்ளனர். நம் பழம் புலவர்கள் கருவிளை மலரைக் கண்ணுக்கு உவமை கூறியதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். கண்ணையும் நீலமலரையும் சேர்த்தே எண்ணும் மனம் எல்லா நாட்டிலும் இருந்திருக்கிறது.

பூவின் அமைப்பு வியப்புக்குரியது. புற வட்டத்தில் மூன்று இதழ்கள் வெளியே வளைந்து கிடக்கும். உள் வட்டத்தில் மூன்று இதழ்கள் நிமிர்ந்து நிற்கும். இவற்றுக்கு நடுவே சூலகத்தின் தண்டு மூன்றாகப் பிரிந்து, தானும் இதழ் போலவே நிறம் பெற்று, வெளியிதழ் ஒவ்வொன்றின் மேலும் கூரை போலக் கவிந்திருக்கும். அக்கூரையின் அடியில் மகரந்தத் தாள் ஒன்று ஒளிந்திருக்கும். தேனீ வந்து வெளியிதழில் அமர்கிறது. இதழில் ஓடும் கோடுகள் தேன் இருக்கும் இடத்துக்கு அதற்கு வழிகாட்டுகின்றன. கூரையின் கீழ் நுழையும்போது, கூரையின் விளிம்பில் உள்ள சிறு மடல், முந்திய பூவிலிருந்து தேனீயின் முதுகில் ஒட்டி வந்த பொடியைச் சுரண்டி எடுத்துக்கொள்கிறது. உள்ளே சென்றதும் இப்பூவின் மகரந்தம் அதன் முதுகில் படிகிறது. திரும்பி வருகையில் அம்மடல் மறுபுறம் சாய்ந்து கொள்வதால், பூவின் பொடி அதே பூவில் சேர்வது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது. மூன்று வாயில்கள் கொண்ட சத்திரம் போன்றது இப்பூ. வருகின்ற விருந்தினர் எல்லோரும் வெளியூர்ச் செய்தியைக் கொடுத்துவிட்டு, உள்ளூர்ச் செய்தியை வாங்கிக்கொண்டு செல்கின்றனர்.

இனி, நாம் இம்மலரை முதன்முதல் கண்ட கதையைச் சொல்ல வேண்டும். அதனைச் சொல்லுவதில் நமக்குச் சிறிது கூச்சமும் உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன், பள்ளி விடுமுறை தொடங்கிய மே மாதத்து மூன்றாம் வாரத்தில், நம் குடும்பங்கள் சில சேர்ந்து காஷ்மீரம் சென்றோம். ஜம்மு வரை இரயிலும் அதற்கு மேல் பேருந்துமாகச் சென்று, சிறீநகருக்குத் தெற்கே ஒரு சிற்றூரின் புறத்தே உண்பதற்காக இறங்கினோம். டிபன் காரியர்களைத் திறந்து புளியோதரையும் தயிர்ச்சோறும் பரிமாறினோம். எதிரே ஒரு மேடு. வேலியும் இல்லை, சுவரும் இல்லை. மேடு முழுவதும் நீலம். தில்லியின் வெயிலில் இருந்து அப்போதுதான் வந்திருந்த நமக்கு, அந்நிறத்தைக் கண்டதும் கண்களைக் குளிர்ந்த நீரால் கழுவியது போல இருந்தது.

குழந்தைகள் பூக்களின் நடுவே ஓடினர். நம்முடன் வந்த அம்மையார் ஒருவர், செடிகளிடம் மிகுந்த ஆசையுள்ளவர், எவர்சில்வர் கரண்டி ஒன்றை எடுத்துக்கொண்டு சென்று ஒரு தூற்றின் அடியில் தோண்டலானார். நாமும் அருகில் நின்று, "வேரோடு எடுங்கள், மண்ணைச் சேர்த்து எடுங்கள்" என்று யோசனை சொல்லிக்கொண்டிருந்தோம். வேர் எளிதில் வரவில்லை. கரண்டியின் காம்பு வளைந்தது.

அப்போது வரப்பின் வழியே முதியவர் ஒருவர் வந்தார். தோளில் மண்வெட்டி. சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, உருதுவில் மெல்லக் கேட்டார்:

"மகளே, எதற்காக இதைத் தோண்டுகிறாய்?"

"அழகாக இருக்கிறது, பாபா. தில்லிக்குக் கொண்டுபோய் வீட்டில் வைக்கலாம் என்று எடுக்கிறேன்."

"வைக்கலாம். ஆனால் இது என் தாயின் தலைமாடு, மகளே."

அதன் பின்னரே நாம் சுற்றிலும் பார்த்தோம். இலைகளுக்கிடையே எழுத்தில்லாத கற்கள் சில சாய்ந்து நின்றன. அது இடுகாடு. அவ்வூரார் தம் முன்னோரைப் புதைத்த மேட்டில் இம்மலரை நட்டு வைப்பதும், தானே முளைத்ததை அகற்றாது விட்டுவைப்பதும் காஷ்மீரத்துப் பழவழக்கம். இவ்வினத்தைச் சேர்ந்த மற்றொரு மலருக்கு 'மசார்முந்த்' என்றே அங்கு பெயர். மசார் என்பது அடக்கம் செய்த இடத்தைக் குறிக்கும் சொல். அழகுக்காக மட்டும் இதனை நடுவதில்லை. இதன் வேர்கள் ஆழச் சென்று பின்னி மண்ணைப் பிடித்துக்கொள்வதால், பனி உருகி ஓடும்போதும் மழை பெய்யும்போதும் மேடு கரைவதில்லை. பழங்காலத்தில் பூர்ச்சமரப் பட்டையைப் பரப்பி அதன் மேல் மண்ணிட்டு வேய்ந்த கூரைகளிலும் இம்மலர்க் குலத்தைச் சேர்ந்தவை பூத்து நின்றன. அங்கேயும் மண்ணைக் காப்பதே அவற்றின் தொழில். இருப்போர் தலைக்கு மேலும் இறந்தோர் தலைக்கு மேலும் ஒரே குலத்து மலர்கள் காவல் இருந்தன.

அம்மையார் முகம் வெளிறிப் போயிற்று. கரண்டியைக் கீழே போட்டுவிட்டு, தோண்டிய மண்ணை இரு கைகளாலும் அள்ளிப் பழையபடி நிரப்பினார். முதியவர் தாமும் குந்தி அமர்ந்து மண்ணை அமுக்கி விட்டார். கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. "தெரியாமல் செய்தாய். தெரிந்த பின் மூடிவிட்டாய். போதும்" என்றார். பிறகு தம் வயல் வரப்பில் இருந்த தூறு ஒன்றை மண்வெட்டியால் பிளந்து, ஈரத்துணியில் சுற்றிக் கொடுத்தார். "இதைக் கொண்டு போ. ஆனால் ஒன்று சொல்கிறேன். இடம் மாற்றினால் இது முகம் கோணிக்கொள்ளும்" என்றும் கூறினார்.

பேருந்து புறப்பட்ட பின் நெடுநேரம் அம்மையார் பேசவில்லை. பிறகு சொன்னார்: அவருடைய தாயார் தஞ்சை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் காலமானபோது, தில்லியிலிருந்து அவர் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதாம். அஸ்தியும் காவிரியில் கலந்துவிட்டதாம். "என் தாயின் தலைமாடு என்று காட்டுவதற்கு எனக்கு ஒரு கைப்பிடி மண்ணும் இல்லை. அந்தப் பெரியவருக்கு இருந்த ஒன்றையும் நான் அல்லவா கரண்டியால் பெயர்த்தேன்!" என்று சொல்லிக் கண் கலங்கினார். நம்மில் எவராலும் மறுமொழி கூற இயலவில்லை. தொலைவில் வாழ்வோர் இல்லங்களில் இப்படி ஒரு கதை இல்லாத இல்லம் அரிது.

தில்லிக்கு வந்ததும் அச்செடியைத் தொட்டியில் வைத்து மாடி முகப்பில் பேணினோம். நாள்தோறும் நீர் ஊற்றினோம். ஜூன் மாத வெயிலில் இலைகள் நுனி கருகின. ஜூலையில் மழை வந்ததும் பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினோம். ஆகஸ்டில் தொட்டியைக் கிளறிப் பார்த்தபோது கிழங்கு அழுகியிருந்தது. பிறகு நூல்களைப் பார்த்துத்தான் பிழை விளங்கியது. ஆழ வேரோடும் இச்செடி, வேரைக் கலைத்தால் பொறுப்பதில்லை. பூத்திருக்கும் காலத்தில் பெயர்த்து, கடுங்கோடையில் நட்டு, அதன் மேல் நீரையும் தேக்கி வைத்தால் அது எவ்வாறு பிழைக்கும்? வளர்க்க விரும்புவோர் ஆறு வரம்புகள் கொண்ட அதன் நீண்ட காயிலிருந்து விதை எடுத்து, குளிர்ந்த மலைப்பகுதியில் விதைத்து, பூக்கும் வரை சில ஆண்டுகள் பொறுத்திருக்க வேண்டும். முதியவர் ஒரு வரியில் சொன்னதை நாம் ஒரு செடியைக் கொன்று கற்றுக்கொண்டோம்.

ஆனால் தில்லியில் வாழ்வோர் இம்மலர்க் குலத்தைக் காண்பதற்குக் காஷ்மீரம் வரை செல்ல வேண்டும் என்பதும் இல்லை. ஊரிலிருந்து விருந்தினர் வரும்போதெல்லாம் நாம் ஆக்ராவுக்கு அழைத்துச் செல்கிறோம் அல்லவா? அடுத்த முறை தாஜ்மகாலின் குவிமாடத்தை அண்ணாந்து பார்த்த பின், சுவரின் அடிப்பகுதியையும் குனிந்து பாருங்கள். வெண்சலவைக் கல்லில் புடைப்பாகச் செதுக்கிய பூஞ்செடிகளின் வரிசை தெரியும். அவற்றுள் வளைந்த மூன்று இதழ்களும் நிமிர்ந்த இதழ்களும் வாள் போன்ற இலைகளும் கொண்டு நிற்பது சோசன். ஷாஜகானின் தந்தை ஜஹாங்கீர் 1620-ஆம் ஆண்டு வசந்தத்தில் காஷ்மீரத்தில் தங்கியிருந்தபோது, அங்குள்ள மலர்கள் எண்ணிறந்தவை என்று தம் நினைவுக் குறிப்பில் எழுதினார். தம் அவை ஓவியர் மன்சூர் நூற்றுக்கு மேற்பட்ட மலர்களை வரைந்ததையும் அதிலே குறித்தார். அந்த மலர்க் காதல் மகன் காலத்தில் கல்லிலும் ஏறியது. தாஜ்மகாலும் ஒரு கல்லறையே என்பதை இங்கே நினைவுகூர வேண்டும். பேரரசியின் கல்லறையில் சோசன் மலர் கல்லில் நிற்கிறது. வரப்போரத்து ஏழைத்தாயின் கல்லறையில் அதன் உடன்பிறப்பு உயிரோடு நிற்கிறது. எது சிறந்தது என்று நாம் தீர்ப்புக் கூறப் போவதில்லை.

பயணத்திலிருந்து திரும்பிய பின் நம் இளைஞர் சிலர், இம்மலருக்குத் தூய தமிழ்ப் பெயர் ஒன்று வைத்தே தீர வேண்டும் என்று வாதிட்டனர். நீலக்காந்தள் என்றார் ஒருவர். கார்த்திகைப்பூ எனப்படும் காந்தள் வேறு குடும்பம். வானவில் மலர் என்றார் இன்னொருவர். அது கிரேக்கப் பெயரின் மொழிபெயர்ப்பே ஆகும். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களை வரிசைப்படுத்தியிருக்க, நூறாவதாக ஒன்றைச் சேர்ப்பதற்கு நமக்கு உரிமை இல்லையா என்று மூன்றாமவர் கேட்டார். ஆர்வம் பாராட்டுதற்குரியதே. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். கபிலர் தம் கண்ணெதிரே பூத்தவற்றை, தம் மக்கள் வழங்கிய பெயராலேயே கூறினார். இம்மலருக்கோ அதனோடு வாழ்ந்து, அதனைத் தம் தாயின் தலைமாட்டில் வைத்துப் போற்றும் மக்கள் இட்ட பெயர் ஒன்று இருக்கிறது.

பெயரின் அருமை நம்மைவிட யாருக்குத் தெரியும்? நம் பிள்ளைகள் பள்ளியில் சேரும் நாளில், ழகரம் உள்ள பெயரைக் கேட்ட ஆசிரியர், "இதைச் சுருக்கி வேறு விதமாகக் கூப்பிடலாமா?" என்று கேட்கும்போது, நம் நெஞ்சு எவ்வாறு சுருங்குகிறது! தாய் தந்தையர் ஆய்ந்து வைத்த பெயரை நாவில் வராது போனாலும் முயன்று சொல்லும் அண்டை வீட்டாரைக் கண்டால் எவ்வளவு அன்பு சுரக்கிறது! அந்த மரியாதையைப் பிறரிடம் எதிர்பார்க்கும் நாம், இந்த நீலமலருக்கும் கொடுப்பதே முறை. ஆதலால் தமிழில் எழுதும்போதும் கிரிஷ்ம் என்றே எழுதுவோம். நாவுக்குச் சற்றுக் கடினமாக இருக்கலாம். பழகிவிடும்.

முதலில் கடிதம் எழுதிய அன்பருக்கு ஒரு சொல். நம் ஊரில் இருப்பதையே இங்கும் கண்டு ஆறுதல் அடைவது தவறன்று என்றே இன்னமும் எண்ணுகிறோம். அது பசித்தவனுக்குச் சோறு போன்றது. ஆனால் வாழும் நாட்டின் மண்ணில் நமக்கு அறியாதது எது, அது யாருக்கு அருமையானது என்று கேட்டுத் தெரிந்துகொள்வதும் வேண்டும். அதனைக் கேளாமல் ஒரு தூற்றின் அடியில் கரண்டியை வைத்தோம். கேட்ட பின் கையால் மண்ணை மூடினோம். அந்த இரண்டுக்கும் நடுவே நாம் கற்றதே இக்கட்டுரை.

2025-ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலிருந்து கட்ராவுக்கும் சிறீநகருக்கும் இடையே இரயில் ஓடுகிறது. இவ்விடுமுறையில் நம் அன்பர் பலர் அங்கே செல்லக்கூடும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் வரையில் கிரிஷ்ம் பூத்திருக்கும். குழந்தைகளை அருகில் அழைத்துச் சென்று, தேனீ நுழையும் மூன்று வாயில்களையும் காட்டுங்கள். வரப்பில் நிற்கும் பெரியவர் எவரையேனும் கண்டால் அதன் பெயரை அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். பறிக்க வேண்டா, தோண்ட வேண்டா. மேட்டில் கற்கள் சாய்ந்து நிற்கக் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுச் சற்றுத் தொலைவிலேயே நின்று பாருங்கள்.

கரண்டியால் தோண்டிய அந்த அம்மையார் இப்போது வேறோர் ஊரில் மகனோடு வாழ்கிறார். அந்த வளைந்த கரண்டியை மட்டும் நிமிர்த்தாமலே வைத்திருப்பதாக எழுதியிருந்தார்.

அடுத்த இதழில், மே மாத வெயிலில் தில்லித் தெருக்களில் பொன்னாகத் தொங்கும் அமல்தாஸ் பற்றி எழுதுவோம். அது நம் கொன்றையேதான். குறைபட்டுக்கொண்ட அன்பர் இம்முறை பொறுத்தருள்வாராக.